நாற்பது கட்டு ரோமமும் மர்ஜான் பூங்காவின் பம்பும்

ஜூலை 12, சனிக்கிழமை

அன்புத் தங்கை நஸீஹாவுக்கு,

உன் அண்ணன் அப்துஸ்ஸத்தார் எழுதுவது. உனக்கும் மச்சான் முன்திர் அவர்களுக்கும் உன் மகள், மணப்பெண் இப்திஹாலுக்கும் எங்கள் ஸலாம். நானும் உன் அண்ணி ஸபீஹாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் நலமில்லை, அது எப்போதும் போலத்தான். கஃப்ஸாவில் உங்கள் குழாயில் தண்ணீர் வந்ததா, வந்தால் எத்தனை மணிக்கு வந்தது என்று மறக்காமல் தெரிவி. இவ்வளவையும் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ நடுவில் பேசுவாய்.

முதலில் நல்ல செய்தி. மர்ஜான் பூங்காவின் படகு அருவி மறுபடி ஓடப்போகிறது. இரண்டாவது செய்தி, இப்திஹாலின் கல்யாண மெத்தைகளுக்காக நீ கழுவக் கொடுத்தனுப்பிய நாற்பது கட்டு ஆட்டு ரோமமும் நலம். நலம் என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே போ.

அந்த அருவியை நீ மறந்திருக்க மாட்டாய். எட்டுப் பேர் உட்காரும் படகைச் சங்கிலி உச்சிக்கு இழுத்துப் போகும், உச்சியிலிருந்து தண்ணீரோடு சறுக்கிக் கீழே குளத்தில் விழும், குளத்துத் தண்ணீரைப் பம்பு உறிஞ்சி மறுபடி உச்சிக்கு அனுப்பும். அந்தப் பம்பு அறைக்குப் பதினொரு வருடம் நான்தான் தலைவன். அந்தப் பதினொரு வருடத்தில் அறைச் சாவியை என்னைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. உன் கல்யாணம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை பம்பு முக்கி முனகி நின்றது. ஏன் நின்றது என்று இருபத்துமூன்று வருடமாகக் காபிக்கடையில் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவருகிறேன்: இத்தாலியன் செய்த பம்பு, நம் ஊர் ஆகஸ்டைத் தாங்கவில்லை. திறந்து பார்க்கலாமா என்று அப்போதைய இயக்குநர் கேட்டார். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று தடுத்தவன் நான். உத்தரவாதம் பிழைத்தது, பூங்கா பிழைக்கவில்லை. அடியில் ஊற்று இருப்பதால் குளம் மட்டும் வற்றவில்லை. பூங்கா ஓடிக்கொண்டிருந்தபோதே, வார விடுமுறைத் திங்கட்கிழமையில், உன் கல்யாண ரோமத்தை அம்மா அங்கே கழுவினாள் அல்லவா, அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் ரோமத்தோடு வர ஆரம்பித்தார்கள். எனக்கு மிஞ்சியது சாவியும், பம்பு அறைச் சுவரில் சாய்ந்து கிடந்த ஒரு கனத்த கம்பி வலையும்தான். அதில் மத்தி மீன் சுட்டால் ஒட்டவே ஒட்டாது. போன நோன்புப் பெருநாளில் நீயே அதில் சுட்டு ஏழு மீன் தின்றாய்.

இப்போது ஸ்ஃபாக்ஸிலிருந்து ஒரு பணக்காரர் பூங்காவை எடுத்து நடத்த வருகிறார். வியாழக்கிழமை பம்பை ஓட்டிப் பார்க்கத் தூனிஸிலிருந்து யுஸ்ர் என்ற இளம் பெண் பொறியாளரையும் கூட்டிவந்தார். பணக்காரர் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று நான் செவ்வாய், புதன் இரண்டு நாளும் தனியாளாகக் குளத்தைப் பாசி நீக்கிக் கண்ணாடி போல் ஆக்கினேன். அங்கேதான் என் உழைப்பு எனக்கே எதிரியானது, நஸீஹா. குளம் கண்ணாடியான செய்தி தெருவுக்குத் தெரிந்து, வியாழக்கிழமை விடிந்ததும் ஸபீஹா தலைமையில் பதினொரு பெண்கள், பச்சை சோப்பு, அடிக்கும் கட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூஸ்கூஸ் அண்டா, உன் நாற்பது கட்டு ரோமம், எல்லாம் போய் இறங்கிவிட்டன. கட்டுக்குக் கட்டு சிவப்பு நூலும், கண் படாமலிருக்கத் தகர மீனும் ஸபீஹா கட்டியிருந்தாள். அம்மா உன் தலையணை ரோமத்துக்கு வெள்ளி மீன் கட்டினாள், ஆனால் அது அந்தக் காலத்து வெள்ளி விலை. ஒன்பது மணிக்கு நான் விருந்தாளிகளோடு போய்ச் சேரும்போது குளத்தில் தண்ணீரே தெரியவில்லை.

“ஸி அப்துஸ்ஸத்தார், குளத்துல ஆடு மிதக்குது” என்றாள் யுஸ்ர். ‘ஸி’ போட்டு மரியாதையாகத்தான் சொன்னாள்.

“ஆடு இல்ல மகளே, ரோமம். கல்யாண ரோமம்.”

“எடுக்கச் சொல்லுங்க. பம்பு போடணும்.”

ஸபீஹா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே, “மனுஷா, பாதி ஊறினத எடுத்தா மஞ்சளாப் போயிடும். இருபத்துமூணு வருஷம் தூங்கின பம்பு மத்தியானம் வரைக்கும் தூங்காதா?” என்றாள்.

ஸ்ஃபாக்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குப் பத்தரைக்கு வேற ஊர்ல வேலை இருக்கு.”

எந்தச் சிக்கலிலும் ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும். “ரெண்டும் நடக்கும். பொம்பளைங்க மட்டும் கரையேறுங்க, ரோமம் பாட்டுக்கு மிதக்கட்டும். பம்பு வாயில வலை இருக்கு, ஒரு முடி உள்ள போகாது. நான் பொறுப்பு” என்றேன்.

“வலைய நீங்க பாத்தீங்களா?”

“மகளே, அந்த வலைய நான் பாக்காத நாளே இல்லன்னு வெச்சுக்க.”

ஸ்ஃபாக்ஸ்காரர் படகில் ஏறிக்கொண்டார், நான் சங்கிலியையும் பம்பையும் முடுக்கினேன், பம்பு இருமியது, ஏப்பம் விட்டது, பிறகு, நான் எப்போதும் சொல்லிவந்தது போல, ஓடியது. தண்ணீர் உச்சிக்கு ஏறுவதைப் பார்த்து என் கண் நிறைந்துவிட்டதால் குளத்தில் ரோமம் குறைந்துகொண்டே வருவதை நான் கவனிக்கவில்லை. குளத்தில் இல்லாத ரோமம் எங்கே போயிருக்கும் என்று எல்லாரும் கேட்ட நேரத்தில் அது உச்சியில் இருந்தது. ஒரு மந்தை வேலி தாண்டுவது போல் ஒவ்வொரு கட்டாகத் தலைகாட்டி, சறுக்கில் குதித்து, கீழே வந்து குவிந்தது. அதற்குப் பின்னால் படகு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து வந்த படகு ரோமக் குவியலில் ‘தொப்’ என்ற சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தது. ஸ்ஃபாக்ஸ்காரர் எழுந்து நின்றபோது அவருடைய கண்ணும் மீசையும் மட்டும்தான் மனிதருடையவை. பதினொரு பெண்களும் குலவையிட்டார்கள். “ஹஜ் பெருநாள் குர்பானிதான் போன மாசமே முடிஞ்சுதே, இந்த ஆடு எப்படித் தப்பிச்சுது?” என்று ஒருத்தி கேட்டாள், யாரென்று சொல்ல மாட்டேன், நம் எதிர்வீட்டுக்காரி.

அவர் கோபப்படவில்லை. “மெத்தை மேல விழுந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

“மாதிரி என்ன, மெத்தைதான்” என்றாள் ஸபீஹா.

அப்போது பம்பு மறுபடி முனகி நின்றது. எண்ணிப் பார்த்தோம், முப்பத்தெட்டுக் கட்டு. பனியை விட வெள்ளை. கட்டையால் மூன்று நாள் அடித்தாலும் அந்த வெள்ளை வராது. மீதி இரண்டும் பம்பின் தொண்டையில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்ஃபாக்ஸ்காரர் போகும்போது சொன்னது இதுதான்: “எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தக் காலத்துல இது ஏன் நின்னுச்சுன்னு எனக்கு எழுத்துல வேணும். காரணம் தெரியாத மெஷினையும் காரணம் சொல்லாத மருமகனையும் நான் வீட்டுக்குள்ள சேக்கறதில்ல.” திங்கட்கிழமை யுஸ்ர் பம்பைத் திறக்கிறாள். இத்தாலியனின் குற்றம் எழுத்தில் வரும். பம்பு அறையின் தலைவனாக என் பெயரைப் போட்டுக்கொள்ள அவர் வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார். அறுபத்துநாலு வயதில் என்னைக் காபிக்கடையில் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

கடைசியாக, மச்சானின் அக்கா ஷெத்லியாவைக் கல்யாணத்துக்கு அழைப்பதா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. அன்று உன் கல்யாண ரோமம் அவள் வீட்டு மொட்டைமாடியில்தான் காய்ந்தது, எடுத்து எண்ணும்போது தலையணைக்கான இரண்டு கட்டு மட்டும் இல்லை. காற்றா கொண்டுபோனது? இருபத்துமூன்று வருடம் நீ கடைத் தலையணையில் படுத்துக் கழுத்துவலியோடு எழுந்திருக்கிறாய். அவளோடு நீ பேசாமலிருப்பதை அன்று முதல் ஆதரித்தவன் நான், இன்றும் ஆதரிக்கிறேன்.

அல்லாஹ் உன் மகளுக்கு வற்றாத குழாயும், குறையாத மெத்தையும், வாயாடாத மாமியாரும் தரட்டும். ஸபீஹா உன் இரு கன்னத்திலும் முத்தமிடச் சொல்கிறாள்.

உன் அண்ணன்,
அப்துஸ்ஸத்தார்

பி.கு. (திங்கள் மாலை): கஃப்ஸா வண்டிக்காரர் டயர் மாற்றப் போனதால் கடிதம் இன்னும் என் கையில் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பம்பைத் திறக்குமுன் யுஸ்ர் நம் வீட்டில் சாப்பிட்டாள். ஸபீஹா மத்தி சுட்டாள். அந்தப் பெண் மூன்று மீன் தின்றாள், நான்காவதை எடுக்கும்போது மீனைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, சுடச்சுட அளந்தாள்.

“ஸி அப்துஸ்ஸத்தார், இந்த வலை உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“அது பம்பு அறையில...” என்று தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டேன். உன் கல்யாண ரோமத்தில் பாசி படக்கூடாதென்று, அம்மா அதைக் கழுவிய அந்தத் திங்கட்கிழமை நானே அதைப் பம்பு வாயிலிருந்து கழற்றி, தேய்த்து, சுவரில் சாய்த்துக் காயவைத்தேன். காய்ந்துதான் இருக்கும்.

பம்புக்குள் இப்திஹாலின் இரண்டு கட்டும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், கறுத்துக் கல்லாக இறுகி, தண்ணீருக்கு வழிவிட்டு ஓரமாகச் சுருங்கி, இன்னும் இரண்டு. சிவப்பு நூல். வெள்ளி மீன்.

பம்பில் ஒரு குறையும் இல்லை. “‘அடைப்பு’ன்னு மட்டும் எழுதிடறேன், யாரோடதுன்னு வேண்டாம்” என்றாள் அந்தப் பெண், நல்ல பெண். ஆனால் காரணம் முழுதாக எழுத்தில் இல்லையென்றால் ஸ்ஃபாக்ஸ்காரர் போய்விடுவார், அருவி இன்னொரு இருபத்துமூன்று வருடம் கிடக்கும். எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். யுஸ்ர் அதைப் போனில் படித்துக் காட்ட, ஸ்ஃபாக்ஸ்காரர் கடைசி வரி வரை கேட்டார். பிறகு, “காரணம் கிடைச்சிடுச்சு, எடுத்து நடத்தறேன். தலைவர் வேலைக்கு வேற ஆளப் போடறேன். பம்பு வாயில வலை இருக்கான்னு தினமும் பாக்கற வேலை ஒண்ணு இருக்கு, வரீங்களா?” என்றார். வருகிறேன் என்றேன். இனி மீனை எதில் சுடுவது என்று ஸபீஹா கேட்கிறாள்.

நாற்பது கட்டும் இத்துடன் வருகின்றன. வெள்ளி மீன்கள் இரண்டையும் இப்திஹாலின் தலையணையில் தைத்துவிடு. நாளைக்கே ஷெத்லியா வீட்டுக்கு, தொலைபேசியில் அல்ல, இனிப்போடு நேரில் போ. கதவைத் திறந்தால் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. குற்றம் அண்ணனுடையது என்று தொடங்கு.

மேலே நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பதினொரு வருடத்தில் சாவியை என்னைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை என்று ஒரு வரி இருக்கும், அதை மட்டும் வைத்துக்கொள். அது உண்மை.