ரயர் அண்ணையும் உறைந்த தேசிக்காயும்

ரொறன்ரோவில் இருக்கும் தமிழர்களில் பாதிப்பேரை ரயர் அண்ணைக்கு முகத்தால் தெரியாது. ரயரால் தெரியும். கலியாண மண்டபத்தில் யாராவது கையைப் பிடித்து, "என்னைத் தெரியுதோ அண்ணை?" என்று கேட்டால் மனுசன் திருதிருவென்று முழிப்பார். "வெள்ளைக் கார், பின் ரயர் இரண்டும் மொட்டை" என்று எடுத்துக்கொடுத்தால் போதும். "அட, நீரோ! இன்னும் மாத்தேல்லையோ?" என்று கட்டிப்பிடிப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்காபரோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வேலை, ஒரு பல் வைத்தியரிடம் கணக்கு எழுதுவது. ரயருக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருந்தும் சேட்டுப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன ரோர்ச் லைற் இருக்கும். எந்தக் கார் நின்றாலும் குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசிப்பார்.

எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவரை வெகுநேரமாக வீட்டுக்குள் காணவில்லை. போய்ப் பார்த்தால் என் காருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து, "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன்.

"கத்தாதையும். உம்மட ரயருக்கு ஈரப்பிடி பி தான். ஆர் உமக்கு உதை வித்தது?" என்றார், கண்ணைத் திருப்பாமலே.

இங்கே ரயரில் மூன்று விஷயம் பொறித்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு காலம் தேயாமல் உழைக்கும் என்பதற்கு ஒரு இலக்கம். ஈர வீதியில் எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதற்கு ஒரு எழுத்து. சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இன்னொரு எழுத்து. ஈரப்பிடியில் ஏஏ என்றால் உச்சம். பி என்றால் அண்ணை கேக் சாப்பிடமாட்டார்.

செத்தவீட்டிலும் இதே கதைதான். மலர்ச்சாலைக் கார்த் தரிப்பிடத்தில் அவர் முழங்காலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, பாவம், தாங்கமுடியாமல் அழுகிறார் என்று இரண்டு அன்ரிமார் ஆறுதல் சொல்லப் போனார்கள். "பாருங்கோ அன்ரி, ரப்பர் முழுக்க வெடிப்பு. உதிலை எப்பிடி அவ்வளவு தூரம் அஜக்ஸிலை இருந்து வந்தவங்கள்?" என்று ரோர்ச்சை அடித்துக் காட்டினாராம். அந்த இரண்டு அன்ரிமாரும் இன்றைக்கும் அவரோடு கதைப்பதில்லை.

ஜேர்மனியில் இருக்கும் அவருடைய மச்சான், அங்கத்தைய ரயர்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புவார். எவ்வளவு எரிபொருள் குடிக்கும், மழையில் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு சத்தம் போடும், எல்லாம் அந்த ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அண்ணைக்கு அது பெரிய ஆதங்கம்.

"மாப்பிள்ளைமாருக்கும் உப்பிடி ஒண்டு ஒட்டிவிட்டால் சோலி முடிஞ்சுது தம்பி. எவ்வளவு குடிப்பான், எவ்வளவு சத்தம் போடுவான்? சாத்திரியாரிட்டைப் போகத் தேவையே இல்லை."

"உங்களுக்கு அப்ப ஒட்டியிருந்தால் நான் தப்பியிருப்பன்" என்று உள்ளேயிருந்து அண்ணையின் வீட்டுக்காரி, எங்கள் அக்காவின் குரல் வரும்.

இப்படிப்பட்ட மனுசனின் ஒரே மகள் யாழினி, அஜக்ஸில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை எடுத்தாள். முதல் கார் வாங்கினாள். இனி ஒவ்வொரு நாளும் 401 பெருந்தெருவில், லொறிகளுக்கு நடுவில் அவள் ஓடவேண்டும். அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. பிள்ளையிடம் "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொல்லத் தெரியாத தகப்பன். அதற்குப் பதிலாக ரயர் தேடினார். பல நாள் அலசி, ஏஏ பொறித்த கோடை ரயர் நான்கு வாங்கினார். எனக்குத்தான் முதலில் காட்டினார், பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல.

"இஞ்சை பாரும். நீட்டுக்கு நாலு தவாளிப்பு, வாய்க்கால்மாதிரி. மழைத்தண்ணியை அப்பிடியே பிதுக்கி வெளியிலை தள்ளிப்போடும். மற்ற இடமெல்லாம் அகலமான ரப்பர் கட்டை, ரோட்டை விடாது. வெயிலிலையும் இளகாது."

"குளிருக்கு அண்ணை?"

"ஏழு பாகைக்குக் கீழை போனால் கோடை ரயர் மரக்கட்டை. உது தெரியாதவன் கார் ஓடக்கூடாது."

இதை அவர் எங்கள் தெரு முழுவதற்கும் வருடாவருடம் ஓதுவார். ஏப்ரலில் கொஞ்சம் வெயிலைக் கண்டு அவசரப்பட்டுக் குளிர்கால ரயரைக் கழற்றியவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறோம்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். அக்கா எலுமிச்சங்காய் நசித்துக் காருக்குப் பூசை செய்யப் பங்குனி வெள்ளி ஒன்றை நல்ல நாள் என்று குறித்துவிட்டா. காரில் அப்போது இருந்தவை குளிர்கால ரயர்கள். அண்ணை ஒற்றைக் காலில் நின்றார்.

"பழைய ரயராலை தேசிக்காயை நசிச்சால் பூசை பழைய ரயருக்குத்தான் போகும். பிள்ளை ஓடப்போறது புதுசிலை."

வாரம் முழுக்க நல்ல வெயில். வியாழன் பின்னேரம் கோடை ரயர்களைப் பூட்டுவித்தார். கழற்றிய ரயர்கள் றிம்மோடு அவருடைய வான் வண்டிக்குள் பின்பக்கம் கிடந்தன. தேசிக்காய்ப் பையும் அங்கேதான் கிடந்தது. விடியப் பார்த்தால் தண்ணீர் எல்லாம் உறைந்து, மேலே பூப்போலப் பனி.

றிச்மண்ட் ஹில் பக்கத்துக் கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் நாங்கள் ஒரு கூட்டமாக நின்றோம். அண்ணையிடம் பேச்சு வாங்காதவர் ஒருவரும் அதில் இல்லை. ஐயர் மந்திரம் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு ரயருக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். வைக்கும்போதே டொக் என்று சத்தம் கேட்டது. வானுக்குள் கிடந்து கல்லாகியிருந்தது அது.

"மெல்ல முன்னுக்கு எடுங்கோ பிள்ளை" என்றார் ஐயர்.

யாழினி எடுத்தாள். முன் ரயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஒரு தேசிக்காய் பிதுங்கிப் பறந்துபோய் ஐயரின் செம்பில் ணங் என்று அடித்தது.

"அண்ணை, உங்கட ஏஏ ஒரு தேசிக்காயிலை ஏறுதில்லையாம்!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. குந்தியிருந்து ரயரை விரலால் அமத்திப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

ஐயர் மடைப்பள்ளியிலிருந்து சுடுதண்ணீர் எடுப்பித்து ஊற்றினார். தேசிக்காய் இளகியது. கார் ஏறி நசித்தது. கைதட்டினோம். அத்தோடு முடிந்திருக்கலாம்.

"அப்பா, ஐ'ம் ஓல்றெடி லேற். நான் இப்பிடியே வேலைக்குப் போறன்" என்றாள் யாழினி.

"ரோட்டுக்கு உப்புப் போட்டிருப்பாங்கள். போகட்டும்" என்றார் ஒருவர். வெயிலும் எட்டிப்பார்த்தது. அண்ணை வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது. இத்தனை வருடம் எங்களுக்கு ஓதிய மனுசனின் மானமும் தப்பியிருக்கும். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு போய்க் காருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இறங்கு பிள்ளை. அப்பா பிழை விட்டிட்டன். உந்த ரயரோட நீ 401இலை ஏறக்கூடாது."

"பூசை முடிஞ்ச உடனை கழட்டுறதோ? அபசகுனமப்பா!" அக்கா அழாக்குறையாகச் சொன்னா.

"பூசையைத் திரும்பவும் செய்யலாம்" என்றார் அண்ணை.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத்தில் முழங்காலில் இருந்தார். வானிலிருந்து காரைத் தூக்கும் ஜக் வந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ரயர் உருட்டினோம். மீண்டும் பனி கொட்டத் தொடங்க, ஐயர் சுவாமிக்குப் பிடிக்கும் குடையைக் கொண்டுவந்து அண்ணைக்கு மேலே பிடித்தார். நான் கழற்றிய நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். விறைத்துப்போன விரல்களால் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார்.

யாழினி குனிந்து அவருடைய கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துவிட்டுப் போனாள். அவள் போய்ச் சேர்ந்து தொலைபேசியில் அழைக்கும்வரை அண்ணை அன்னதானத்தில் கை வைக்கவில்லை. "வந்திட்டன் அப்பா" என்று அந்தப் பக்கம் கேட்டதும், "சரி" என்று ஒரு சொல் சொன்னார். பிறகு சோற்றில் கை வைத்தார்.

அதன்பிறகு அவரைப் பகிடி பண்ண ஊருக்கே ஒரு கதை கிடைத்தது. அவரும் சளைக்காமல் எங்கள் ரயர்களைத் தடவிக்கொண்டுதான் திரிகிறார். எனக்கோ அன்றிலிருந்து அவர் சொல்வதுதான் வேதம். எத்தனையோ கெட்டிக்காரரைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்காக ஊர் பார்க்கத் தன் பிழையைச் சொன்ன மனுசனை அன்றுதான் கண்டேன்.

இந்த வருடம் மே பிறந்தும் குளிர்கால ரயரோடு கடகடவென்று ஓடித் திரிந்தேன். என் வீட்டுக்காரிக்கு வெட்கம். போன கிழமை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னும் கழட்டேல்லையோ?"

"நீங்கள் சொல்லாமல் எப்பிடியண்ணை கழட்டுறது?" என்றேன்.

மனுசன் வீட்டுக்குள் போய், ஜக்கோடு வந்தார்.