ஊக்கு டீச்சரும் ரோம் பஸ்ஸும்

சாந்தோம் பக்கத்துப் பிக்பாக்கெட்டுகள் எல்லாம் திருந்தி வேறு வேலைக்குப் போனதற்குக் காரணம் போலீஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் எங்கள் தெரு ஊக்கு டீச்சர்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது எங்கள் ஃபாதருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். வேலைக்குப் போன காலம் முழுக்க, கூட்டமான பஸ்ஸில், இரண்டு விரலுக்கு நடுவே திறந்த ஊக்கோடு நின்றவர். உரசுகிற கையோ, பையைத் தடவுகிற கையோ, எதுவானாலும் ஒரே குத்து. அவர் படியில் கால் வைத்ததுமே கண்டக்டர் குரல் கொடுப்பார்: "ஆம்பளைங்கல்லாம் கைய மேல தூக்கிக் கம்பியப் புடிச்சிக்கினு நில்லு நைனா, டீச்சர் ஏறிட்டாங்கோ!"

ரிட்டையர் ஆன பிறகும் அந்த ஊக்குக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அவருடைய தங்கை ஆக்னஸ் ஆண்ட்டி, மகனைப் பார்க்க பாரிஸ் போயிருந்தபோது, ரயில் நிலையத்தில் ஒருவன் அவர் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். பாஸ்போர்ட், போன், மூக்குக்கண்ணாடி எல்லாம் போயிற்று. அன்று விட்டுப்போன தைரியம் ஊர் வந்த பிறகும் ஆண்ட்டிக்குத் திரும்பவில்லை. லஸ் கார்னர் வரை போவதற்கும் அக்கா கையைப் பிடித்துக்கொள்வார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். சின்ன வயதிலிருந்து ரோமைப் பார்க்கணும், ரோமைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷி அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ரோமுக்குத் திருப்பயணம் போகிறோம் என்று ஃபாதர் பூசையில் அறிவித்த அன்றே, தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"நான் வரலக்கா. எனக்கு பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே வா. வர்ற, அவ்ளோதான்."

போகிறவர்கள் எல்லோருக்கும் பயிற்சி என்று ரங்கநாதன் தெரு முனைக்கு வரச் சொன்னார். அது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. "இந்தத் தெருவுல நுழைஞ்சு, கொண்டு போனதோட அந்தப் பக்கம் வெளிய வந்துட்டா, உலகத்துல எந்த ஊருக்கு வேணாலும் போலாம்" என்றார். திருடன் வேஷம் அவருக்குத்தான். மறுமுனையில் எங்களை வரிசையாக நிறுத்தி, எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். என் பின்பாக்கெட்டில் இருந்த போன், என் மனைவியின் பர்ஸ், கடைசியாக ஃபாதரின் ஜெபமாலை.

"எடுத்தது நான்ங்கறதால திரும்பக் கிடைக்குது ஃபாதர். அங்க எடுக்கறவன் பாவசங்கீர்த்தனத்துக்கு உங்ககிட்டயா வரப் போறான்?"

அதற்குப் பிறகு சட்டங்கள். பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கரில் இருக்கும், நகல் மட்டும் கையில். பை வயிற்றுக்கு முன்னால். சட்டையில் கறை என்று எவனாவது துடைத்துவிட வந்தால், கறையோடு நடையைக் கட்டு. ஆக்னஸ் ஆண்ட்டிக்கு மட்டும் கையில் ஓர் ஊக்கும், தனிப் பாடமும். "பையில எவன் கை பட்டாலும் குத்து. யாருன்னு பாத்துட்டுக் குத்தாத, குத்திட்டு யாருன்னு பாரு. அப்புறம் கத்து." ஆண்ட்டி தலையாட்டுவார். ஒத்திகையில் மட்டும், குத்துகிற நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு "சாரி" என்பார்.

அடுத்த ஒத்திகை பாண்டி பஜாரில். இந்த முறை நான் திருடன். ஆண்ட்டியின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஆண்ட்டி சிலையாக நின்றார். டீச்சருக்குத்தான் பி.டி. ரத்தம் சூடேறி, "புடிங்க அவன!" என்று துரத்த ஆரம்பித்தார். பொதுமக்கள் பிடித்து எனக்கு இரண்டு போட்டார்கள். டீச்சர் நடைபாதை விளிம்பில் இடறி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"அப்ப நானும் போகல" என்று ஆண்ட்டி பெட்டியில் இருந்த துணிகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். டீச்சர் கட்டிலில் படுத்தபடியே ஊன்றுகோலை நீட்டி, பெட்டி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் கூட வந்தா நீ என் கையப் புடிச்சிக்கிட்டே சுத்துவ. ரோமையா பாப்ப? போய்ட்டு வா."

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு வயது ஐம்பது. அவர் கண்ணெதிரே வளர்ந்தவன் என்பதால் இன்றைக்கும் 'டா'தான்.

"டேய் சேவியர், அவ பின்னாலயே நிக்கணும் நீ. அந்த ஜிப்பு மேலயே கண்ணு இருக்கணும். ஏதாவது ஆச்சு, உன்ன சும்மா விடமாட்டேன்."

மற்றவர்கள் ரோமில் சிற்பங்களைப் பார்த்தார்கள். நான் ஜிப்பைப் பார்த்தேன். பேராலயத்துக்குப் போகிற பஸ்ஸில் அசல் நம்ம ஊர்க் கூட்டம். தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறேன், ஆண்ட்டியின் பை பாதி திறந்து கிடக்கிறது. மூடிவிடலாம் என்று மெதுவாகக் கையை நீட்டினேன்.

ஊக்கு என் கட்டைவிரலில் முழுசாக இறங்கியது.

"எவன்டா அவன்! எட்றா கைய!"

ஆக்னஸ் ஆண்ட்டிக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் பங்கில் ஒருவருக்கும் தெரியாது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். என் மனைவி பக்கத்தில் நின்ற டை கட்டிய ஆசாமி ஒருவன், அவள் பைக்குள் இருந்த தன் கையை அவசரமாக உருவிக்கொண்டு, கதவு திறந்ததும் இறங்கி ஓடினான்.

ஆண்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். "ஐயோ, நீயா சேவியர்! முன்னாடியே சொல்ல வேணாமா?" என்றார்.

ஓட்டலுக்கு வந்ததும் வீடியோ காலில் டீச்சரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"குத்துனாளா? கண்ண மூடிக்கிட்டா?"

"தொறந்துக்கிட்டுதான் டீச்சர்."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர்."

"இயேசுவுக்கே புகழ்!" என்றார். அதன் பிறகு திரையில் அவர் வீட்டு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மிச்ச நாட்களெல்லாம் ஆண்ட்டி எங்களுக்கு முன்னால் நடந்தார். தனியாகக் கடைக்குப் போய் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

ஊர் திரும்பியபோது, டாக்டர் பேச்சைக் கேட்காமல் டீச்சர் மாவுக்கட்டோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஆண்ட்டி அவரைக் கட்டிக்கொண்டு, "நீ இங்கயே உக்காருக்கா, நான் போய் வண்டி பேசிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். தங்கை போவதையே பார்த்துக்கொண்டு, டீச்சர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலைத் தடவினார். அவர் யாரையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ரொம்ப வலிச்சுதாடா?"

"இல்ல டீச்சர்" என்றேன். அந்த நிமிடம் கேட்டிருந்தால் இன்னொரு கையையும் நீட்டியிருப்பேன்.