கழுத்து வலி குறைந்தது குறித்து ஒரு புகார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என்னையும் உங்கள் மாமியாரையும் நீங்கள் பிரித்துவிட்டீர்கள். மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் நடந்தது அதுதான். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலமாகிக்கொண்டு வருகிறேன். அதுதான் என் புகாரே.

வயரிங் வேலையை நான் யாரிடமும் படிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஷாக் அடித்து அடித்து நானே கற்றுக்கொண்டேன். ஆயுள் முழுக்க ஏணி மேல் நின்று கூரையை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து போயிற்று. போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். சாயங்காலமானால் உங்கள் மாமியார் என்னைச் சுவரைப் பார்க்க ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று தைலம் தேய்ப்பாள். நாங்கள் பேசிக்கொள்வது அப்போது மட்டும்தான். முகத்துக்கு முகம் பார்த்தால் எங்களுக்குள் சண்டை வரும். சுவரைப் பார்த்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் பேசலாம். உங்களுக்கு என் மகளைக் கொடுக்கலாம் என்று முடிவானதுகூட அந்த ஸ்டூலில்தான். அதை நினைத்துப் பார்த்தீர்களா?

லீவுக்கு வந்தீர்கள், திரும்பிப் பார்க்க நான் உடம்பையே திருப்புவதைக் கண்டீர்கள், எங்கள் இருவரையும் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனீர்கள். அங்கே பேத்தி வயசில் ஒரு பெண், மேஜை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு. மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம், பயிற்சிதான் என்றாள். "அப்ப இவ தேய்க்கிறது?" என்றேன். "தேய்ச்சா கொஞ்ச நேரம் சுகமா இருக்கும் ஐயா. ஆனா வேலை குடுக்க வேண்டியது உங்க கழுத்துக்கு, அம்மா கைக்கு இல்ல" என்றாள். உங்கள் மாமியார் ஜென்மத்தில் யார் சொல்வதையும் ஒரே தடவையில் கேட்டதில்லை. இதைக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தைல பாட்டில் மேல் அலமாரிக்குப் போயிற்று. சாயங்காலமானால் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோடு நடக்கப் போகிறாள். பேச்செல்லாம் இப்போது டீச்சரம்மாவுக்கு.

எனக்கு மிச்சம் பயிற்சி. தாடையை ஆமை மாதிரி உள்ளே இழுக்க வேண்டுமாம். ஞாபகம் வரும்போதெல்லாம் செய்யச் சொன்னாளே என்று காய்கறிக் கடையில் செய்தேன். "என்ன பெரியவரே, நாறுதா? காலைல வந்த சரக்கு!" என்று கடைக்காரர் என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு ரப்பர் பட்டை. கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்க வேண்டும். நான் சேர்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மாமியார் வெளியிலிருந்து கதவைத் தள்ளினாள். பட்டை தொய்ந்தது, நான் பின்னாலிருந்த துணி வாளியில் உட்கார்ந்தேன். "கதவோட என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். இன்னொன்று, உள்ளங்கையைத் தலையின் பக்கவாட்டில் வைத்து, கையை எதிர்த்துத் தலையால் தள்ளுவது; தலை நகரக் கூடாது. ஜன்னல் வழியே இதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் பல் டாக்டர் விலாசத்தை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாப்பிள்ளை. வலி குறைந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நேற்று வேண்டுமென்றே "ஐயோ, கழுத்து!" என்று கத்திப் பார்த்தேன். "தாடையை இழுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. வீட்ல ரெண்டு பேர் இருக்கோம், ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. நான் மாட்டின ஃபேன்ல சத்தமே வராது. அதுவே கேக்குதுன்னா பாத்துக்குங்க.

ஆகவே, நீங்கள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுப் பயிற்சியை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, தைலம் தேய்க்கலாம் என்று தன் வாயால் உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டும். நடப்பது முட்டிக்கு ஆகாது என்று என் மகள் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். டீச்சரம்மா தன் வீட்டுக்காரரோடு நடக்க வேண்டும். நான் எதுவும் செய்வதாக இல்லை.

நீங்கள் இருவரும் குனியாத கழுத்தோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: குனிந்தபடியே இவ்வளவையும் எழுதியதில் கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்றேன். இந்த ஐயோ வேறு மாதிரி இருந்ததோ என்னவோ, உங்கள் மாமியார் வந்து பின்னால் நின்றாள். நின்றவள் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். "இதுக்குத்தானா இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க? தைலம் கிடையாது. சுவத்துப் பக்கம் திரும்புங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். என் தலையில் தன் உள்ளங்கையை வைத்து, "ம், தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். அவளும் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்துவருகிற வேலைதான். பயிற்சி என்ற பெயர் மட்டும் புதுசு. தள்ளிக்கொண்டே டீச்சரம்மா வீட்டு விஷயம் எல்லாம் சொன்னாள். உங்களைப் பற்றியும் பேசினோம்.

ஆகவே மேலே சொன்ன எதையும் யாரும் செய்ய வேண்டாம். இந்தப் பயிற்சியை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, ஆயுளுக்கும் செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொல்ல வைக்க வேண்டும். நான் இந்த உறையை உடனே ஒட்ட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு அவள் வந்துகொண்டிருக்கிறாள்.