அப்புறம் அக்காவும் நூற்றிருபது ஜோடி கையுறையும்

நல்லது செய்கிறவர்களை, நல்லது செய்த ஒரே குற்றத்துக்காக நடுநடுங்க வைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் அண்ணாமலை நகர் பெண்கள் விடுதியில் என் அறைக்கு இரண்டு அறை தள்ளிக் குடியிருந்தார். ரத்த தானம் கொடுத்துவிட்டுக் கையில் பஞ்சோடு பெருமையாக வருகிற பெண்கள் அவரைக் கண்டால், அந்த மயக்கத்திலும் மாடிப்படியில் திரும்பி ஓடுவார்கள்.

அவருடைய இயற்பெயர் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. வேளாண்மையில் முதுநிலை படித்தார். யார் எந்தப் புண்ணிய காரியத்தைச் சொன்னாலும் கடைசி வரை கேட்பார். கேட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அதனால் அவர் அப்புறம் அக்கா.

நாங்கள் ஒரு முறை நூறு மரக்கன்று நட்டோம். மாலை, பேனர், சமோசா எல்லாம் உண்டு. எட்டு மாதம் கழித்து அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் குழி குழியாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"நூறு கன்னு நட்டீங்க இல்ல, ரெண்டு இருக்குது."

"ரெண்டாவது இருக்கேக்கா."

"அதுல ஒண்ணு எருக்கஞ்செடி. அது நீங்க நட்டதில்ல."

புயலுக்குப் பிறகு விடுதியில் பழைய துணி திரட்டிக் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்கு அனுப்பினோம். அக்கா அங்கேயும் போனார். "உங்க துணியில ஒரு கோட்டு இருந்துச்சில்ல, அத மோட்டாருக்குப் போத்தி வெச்சிருக்காங்க. மோட்டார் மாப்பிள்ள கணக்கா நிக்குது. பொண்ணுதான் பாக்கணும்" என்றார்.

இதெல்லாம் வெளியூர்க் கதை. விடுதிக்குள் அவர் செய்தது இன்னும் மோசம். கொசுவை விரட்ட வேப்பிலைப் புகை உதவுமா என்று பார்க்க, கிழக்குப் பக்க அறைகளுக்கு மட்டும் புகை போட்டார். மேற்குப் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் பேனாவோடு வந்து மேற்குப் பக்கத்தார் கையில் இருக்கும் தடிப்புகளை எண்ணினார். மூன்றாம் நாள் கலவரம்.

"ஒரு பக்கம் கடி வாங்கலன்னா பொக வேல செஞ்சிதான்னு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு நாங்கதான் கெடச்சமாக்கா?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டேன். என் ரூமும் உங்க பக்கந்தான்." சொல்லிக்கொண்டே தன் முழங்கையைச் சொறிந்தார். அதில் எல்லோரையும்விட அதிகத் தடிப்பு இருந்தது.

இப்படிப்பட்டவரை ஒரு சேவைக் குழுவில் சேர்த்தது என் தவறு. மின்னணுவியல் படித்தவள் நான். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். உலகம் முழுக்க மாணவர்கள் 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' என்று குழு நடத்துகிறார்கள், தோன்றியதைச் செய்யாமல், தங்கள் நேரத்தையும் உழைப்பையும் எங்கே போட்டால் அதிகம் பேருக்கு அதிகப் பலன் என்று பார்த்துச் செய்கிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். உடனே ஒரு குழு ஆரம்பித்துச் செயலாளரும் ஆனேன். வார்டன், குழுவின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எத்தன மாசம் கோர்ஸும்மா?" என்றார்.

மாணவர்கள் ஈடுபட ஏழு வழிகள் என்று நானே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வாரம் ஒரு நாள் கூடிப் படிப்பது. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து ஆழமாகப் பார்ப்பது. பாதிக்கப்பட்டவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்பது. சம்பாதிக்க ஆரம்பித்ததும் ஒரு பங்கைக் கொடுக்க உறுதி எடுப்பது. யாருக்குப் பயன்படும் என்று யோசித்து வேலை தேடுவது. படித்த திறமையை இலவசமாகத் தருவது. நண்பர்களையும் சேர்ப்பது. மறுநாள் காலை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பென்சிலில் "அப்புறம்?" என்று இருந்தது. ஏழாவதுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் நீளம்: "அப்புறம்? அவுங்களும் வந்து நோட்டீஸ் ஒட்டுவாங்களா?"

எங்கள் முதல் வேலை காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் உள்ளங்கை, ஓட்டிலிருந்து வழியும் எண்ணெய் பட்டுப் புண்ணாகிக் கறுத்துப்போகும். ஒரு கையின் படத்தைப் பார்த்ததுமே கூட்டத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டோம். ரப்பர் கையுறை என்று ஐந்தே நிமிடத்தில் முடிவானது. மூன்றாவது வழியை, அதாவது அவர்களையே கேட்பதை, தேர்வு நேரம் என்பதால் தாண்டிவிட்டோம். நூற்றிருபது ஜோடி கொடுத்தோம். எல்லோரும் கையை உயர்த்திக் காட்டப் படம் எடுத்தோம். பார்க்க அறுவை சிகிச்சை மாநாடு போல இருந்தது.

அந்தப் படம் எங்களைக் கடலூரில் நடந்த மாணவர் குழுக்கள் போட்டியின் கடைசிச் சுற்றுக்குக் கொண்டுபோனது. வென்றால் ஷீல்டு. அதோடு இன்னும் பத்து ஊர்களுக்குக் கையுறை கொடுக்க உதவியும் உண்டு. அந்த நம்பிக்கையில் நாங்கள் ஆறு பெட்டி கையுறையை முன்கூட்டியே வாங்கி என் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தோம். கடலூர் முதுநகரில் கயிறும் வலையும் விற்கும் என் அப்பா, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நண்பர்களோடு வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை அக்கா என் கையைப் பிடித்துக் காடாம்புலியூர் பஸ்ஸில் ஏற்றினார்.

முதல் கையுறையை ஊருக்குள் நுழையும்போதே பார்த்தோம். ஒழுகும் குழாயில் மாட்டியிருந்தார்கள். ஐந்து விரலிலும் தண்ணீர் நிரம்பிக் குழாய்க்கு மடி முளைத்தது போலிருந்தது. இரண்டாவதை ஊதிக் கட்டி ஒரு குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. மூன்று ஜோடி மட்டும் உண்மையிலேயே உழைத்துக்கொண்டிருந்தன, பலாப்பழம் வெட்டுகிற இடத்தில். பிசின் ஒட்டுவதே இல்லையாம்.

முந்திரி உடைக்கும் கொட்டகையில் தனலட்சுமி அக்கா என்பவர்தான் பேசினார். ஐம்பதை நெருங்கும் வயது.

"அத மாட்டிக்கினா கொட்ட வழுக்குது பாப்பா. வெரல்ல வெட்டு வாங்குறதுக்கா? நாங்க சாம்பல் பூசிக்குவோம், இல்ல எண்ண தடவிக்குவோம்."

"அப்ப வாங்கும்போதே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீங்க அவ்ளோ தூரம் வெயில்ல வந்துருந்தீங்க. வேணாம்னா மூஞ்சி வாடிப்பூடுமில்ல? போட்டோவுக்குச் சிரிக்க வேற சொன்னீங்க. சரி, புள்ளைங்க ஆசப்படுதுன்னு சிரிச்சோம்."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்புறம் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரி, உங்களுக்கு என்னாக்கா கஷ்டம்?" என்றார்.

"கண்ணு" என்றார் தனலட்சுமி அக்கா, யோசிக்காமல். அவர் வேலை பருப்பில் தோல் உரித்து, முழுசையும் உடைசலையும் பிரிப்பது. ஒரு பருப்பைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்து, அடுத்த தெருவில் இருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். சரியாகப் பிரிக்கவில்லை என்று அடுத்த மாதத்திலிருந்து கூட்டிப் பெருக்கப் போகச் சொல்லிவிட்டார்களாம். அதில் கூலி பாதிதான்.

அப்புறம் அக்கா எழுந்து போய்க் கணக்கு எழுதுகிறவரின் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டார். தனலட்சுமி அக்கா பருப்புத் தட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஐயோ, இதுல இவ்ளோ தோலு ஒட்டிக்கினு இருக்குதா? இதையா நான் நாள் பூரா சுத்தம்னு தள்ளிவுட்டேன்?"

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சொன்னார்: "வெள்ளிக்கிழம இத மேடையில சொல்லிடு."

"ஷீல்டு பூடும்க்கா."

"வந்தா என்னா ஆவும்? இன்னும் பத்து ஊரு கொழாய்க்கு ஒற மாட்டுவ. அந்தம்மா தொடப்பம் எடுக்கும்."

இரவு இரண்டு பட்டியல் போட்டேன். மறைப்பதற்குக் காரணங்கள் பதினொன்று, சொல்வதற்கு ஒன்று. பதினொன்றில் ஒன்பது என்னைப் பற்றியவை, மீதி இரண்டு அப்பாவைப் பற்றியவை.

வெள்ளிக்கிழமை மேடையில் அந்த அறுவை சிகிச்சைப் படத்தைப் போட்டேன். அடுத்து குழாயின் படம். "நாங்கள் கொடுத்தது இப்படித்தான் பயன்படுகிறது. கேட்காமல் கொடுத்தது எங்கள் தவறு. அவர்களுக்குத் தேவை கண்ணாடி" என்று சொல்லி இறங்கிவிட்டேன். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைதட்டலாமா என்று அரங்கில் யாருக்கும் தெரியவில்லை. நடுவர்களில் ஒருவர் தண்ணீர் குடித்தார்.

ஷீல்டு மரக்கன்று நட்ட ஒரு குழுவுக்குப் போனது. என் பக்கத்தில் அக்கா எழுந்திருக்க முயன்றார். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"வேணாம்க்கா. சாப்பாடு போடப் போறாங்க."

"ஒரே ஒரு கேள்வி ஜெனி."

"அதான் வேணாங்கறேன்."

வெளியே அப்பா நண்பர்களிடமிருந்து விலகித் தனியாக நின்றார். நான் தலை குனிந்து போய் நின்றேன். அவர் வலைக்கடைக்காரர், கேட்ட கேள்வியும் கடைக்காரர் கேள்வியாகத்தான் இருந்தது.

"அந்த ஆறு பெட்டியப் பிரிச்சிட்டீங்களா?"

"இல்லப்பா."

"பிரிக்காத. அந்தக் கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன்தான். நான் திருப்பிக் குடுத்துட்டு வரேன். கண்ணாடிக்கு ஆவும்."

குழுவில் பாதிப் பேர் விலகிப் போனார்கள். மீதி ஒன்பது பேர். சிதம்பரத்திலிருந்து ஒரு கண் பரிசோதகர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். எந்தக் கொட்டகைக்கு முதலில், எதற்கு அடுத்த மாதம் என்று அக்கா சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வேன் என்று நின்றார். "எடுத்த எடுப்புல எல்லாருக்கும் குடுத்துட்டா, எதுனால வித்தியாசம்னு தெரியாது" என்றார். ஆனால் குலுக்கியவர் அவர், சீட்டை எடுத்தவரும் அவர், முதல் சீட்டில் வந்தது தனலட்சுமி அக்காவின் கொட்டகை. விடுதிக் குலுக்கலில் தன் அறையையே கொசுவுக்குக் கொடுத்தவர் அவர். அன்று அந்தச் சீட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

தனலட்சுமி அக்கா இன்றும் பருப்புதான் பிரிக்கிறார். கண்ணாடி போட்ட முதல் நாள் தட்டைப் பார்த்தார், தன் கறுத்த விரல்களைப் பார்த்தார், பிறகு அப்புறம் அக்காவின் தாடையைப் பிடித்துக் கிட்டத்தில் இழுத்தார்.

"எப்பவும் சிடுசிடுன்னு இருக்குற மூஞ்சின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்? சிரிச்ச மூஞ்சிதான் உனுக்கு."

அப்புறம் அக்கா காது வரை சிவந்து நின்றார். நான் ஏழாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போடுகிறவள். அது சிரித்த முகம் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆகியிருக்கிறது.