நோட்டீஸ் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம்

சத்வா, துபாய்

மதிப்பிற்குரிய தேவசுந்தரம் அத்தானுக்கு, மைத்துனன் இன்பமணி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மற்றதெல்லாம் குறைவுதான். அக்காவும் பிள்ளைகளும் உங்கள் அச்சகமும் சுகம்தானே? வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்றுதான் கடிதம்.

இப்போது இங்கே பெரிய கட்டடங்களில் கர்ட்டன் மாட்டப் போனால், கம்பி விழுந்து யார் மண்டையாவது உடைந்தால் நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று வாசலிலேயே செக்யூரிட்டி கேட்கிறான். இல்லையென்றால் "மாஃபி, கிடையாது, போ பாய்" தான். தனியாக எடுக்கக் கட்டுப்படியாகாமல் கர்ட்டன் கடைக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுக்கத் துணிந்தோம். ஏஜென்ட், "குரூப்பா வாங்குறதுக்கு முன்னாடி கவர்ன்மென்ட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கணும்"னு சொன்னார். நோட்டீஸ்னா நமக்கு என்ன தெரியும், சர்ச் அசன விருந்து நோட்டீஸும் கடை திறப்பு நோட்டீஸும்தானே? "எங்க அத்தானே பிரஸ் வச்சிருக்காரு"ன்னு நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

நீங்களும் ஒரு குறை வைக்கவில்லை. ரோஸ் தாளில் 'அன்புடன் அழைக்கிறோம்' போட்டு, குரூப்பின் பெயர், தொழில், கடை இருக்கும் இடம், எந்தக் கம்பெனியில் என்ன இன்சூரன்ஸ், பொறுப்பாளர் யார் என்று ஒன்று விடாமல் அச்சடித்து, எங்கள் படங்களையும் போட்டு அனுப்பினீர்கள். பொறுப்பாளர் வீரபாண்டி நடுவில், நான் மூலையில், அதுவும் மூஞ்சியில் மை அப்பி. அது போகட்டும். அந்த வீரபாண்டி அரசாங்க அலுவலகத்துக்கே போய் கவுண்டர் கவுண்டராக விநியோகித்துவிட்டு, மிச்சத்தை வாசல் கண்ணாடியில் பசை தடவி ஒட்டியிருக்கிறான். செக்யூரிட்டி பிடித்து நகத்தாலேயே சுரண்ட வைத்துவிட்டான். வந்து என்னிடம், "எல்லாம் உங்க அத்தான் அடிச்ச லட்சணம்டா"ங்கிறான்.

ஒரு முழுக் கட்டடத்துக்குக் கர்ட்டன் தைத்து அடுக்கி வைத்திருக்கிறோம். இன்சூரன்ஸ் கிடைத்து மாட்டினால்தான் கடை நிற்கும். இல்லாவிட்டால் அதையே போர்த்திக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான். நிஜமாகவே பயமாக இருக்கிறது அத்தான், சோறு இறங்கவில்லை. நான் செத்தால்கூட அடக்க ஆராதனைக் கார்டை வேறு பிரஸ்ஸில் அடிக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிடுங்கள். கலாஸ், முடிஞ்சுது கதை.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
மூலையில் இருக்கும்
இன்பமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அரசாங்க விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஜெஸி ஓடி வந்தாள். அரசாங்கம் கேட்ட நோட்டீஸ் ஒரு விண்ணப்பமாம். அதில் கேட்டதெல்லாம் கவுண்டரில் கிடந்த உங்கள் ரோஸ் தாளில் வரிசையாக இருக்க, அதைப் பார்த்தே இங்கிலீஷில் அடித்து அனுப்பினாளாம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! இன்சூரன்ஸும் கிடைத்தாயிற்று, நாளைக்கே கர்ட்டன் மாட்டப் போகிறோம். ஆனால் விவரம் எது மாறினாலும் மறுபடி நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். நகம் போன கோபத்தில் வீரபாண்டி பொறுப்பை விட்டுவிட்டான், இனி பொறுப்பாளர் நான். ஆகவே அத்தான், அதே ரோஸ் தாள். என் படம் நடுவில்.