அசையாதவன் வீட்டில் இல்லை

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனோடு வந்து என்னையும் என் பிரம்பு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போ. உன் வீட்டில் ஒரு மூலை போதும்.

இங்கே மூலையே கிடையாது. என் மகன் வீட்டை விண்கலமாக மாற்றிவிட்டான். சுவரெல்லாம் வெள்ளை, எல்லாம் வளைவு. கதவுக்குக் கைப்பிடி இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் பூமி சுற்றுகிற படம் ஓடுகிறது. வெளியே மழையா வெயிலா என்று கேட்டால் மருமகள் போனைப் பார்த்துச் சொல்கிறாள். ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். யாரும் அசையாவிட்டால், வீட்டில் யாரும் இல்லை என்று அதுவே முடிவு செய்து எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிக்கொள்ளும். "நான் இருக்கேனேடா" என்றேன். "அப்பப்போ கையை ஆட்டுங்கப்பா, அதுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறான். பஸ் கண்டக்டராக வேலை பார்த்த காலமெல்லாம் நின்றே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றதே உட்காரத்தான். இப்போது கக்கூஸில்கூட, வண்டிக்கு ரைட் கொடுப்பதுபோல் கையை வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வீடு ஆளாக மதிப்பது வேலைக்கு வரும் அம்மாளை மட்டும்தான். ஏனென்றால் அவள் உட்காருவதே இல்லை. எங்கே உட்காருவாள்? இவ்வளவு படித்தவர்கள் வரைந்த வீட்டில் அவளுக்கு ஒரு முக்காலி போட இடம் வரையவில்லை. வெள்ளைத் தரையில் ஒரு முடி விழுந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதைப் பொறுக்கக் குனியும் முதுகு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

போன சனிக்கிழமை மகனின் மேலதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். அதற்காக என் நாற்காலியைச் சாமான் அறையில் தள்ளினார்கள். "அது இங்க ஒட்டலப்பா." "நாற்காலியா, நானாடா?" என்று கேட்டேன். அவரை அழைத்துவர மகனும் மருமகளும் கீழே போனார்கள், அந்த அம்மாள் கடைக்குப் போனாள், கால் கடுத்த நான் கூடத்தில் இருந்த முட்டை வடிவ ஆசனத்துக்குள் ஏறினேன். முழங்கால் மோவாயில் இடித்தது, எழுந்திருக்க முடியவில்லை, சரி போகட்டும் என்று கண்ணயர்ந்தேன், வீடும் பூட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு விழித்தால் வெளியே மகன் கதவோடு சண்டை போடுகிறான். "திற!" கதவு மரியாதையாகச் சொல்கிறது: "வீட்டில் யாரும் இல்லை. பிறகு வாருங்கள்." நான் காலை உதைத்தேன். உடனே நீல விளக்கு, சங்கீதம், கதவு விலகியது. மேலதிகாரி பார்த்தது முட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

"இவர் யாரு?"

"ஊர்லேர்ந்து வந்திருக்கார் சார். ரெண்டு நாள்ல கிளம்பிடுவார்."

அப்பா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை, தம்பி. கதவு சொன்னதைத்தான் பிள்ளையும் சொன்னான். கதவை மன்னிக்கலாம், அது மெஷின்.

மேலதிகாரி ஆசையாகப் பக்கத்து முட்டையில் உட்கார்ந்தார், அவரும் மாட்டிக்கொண்டார். கடையிலிருந்து திரும்பிய அம்மாள்தான் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போட்டாள். "வேற யாராச்சும் உள்ள இருக்கீங்களா?" என்று வேறு கேட்டாள்.

ஆகவே வேனோடு வா. உன் வீட்டார் எல்லோரும் நோய்நொடியில்லாமல், கைப்பிடி வைத்த கதவுகளோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை மடிக்கும்போது, நான் உட்கார்ந்து எழுதும் சாமான் அறைக்குள் மகன் வந்தான். கூடத்தில் இருக்கும் எதிலும் முதுகு சாயவில்லையாம். "கொஞ்சம் எந்திரிங்கப்பா" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அன்னிக்கு சார்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தவன், பாதியில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான். நாங்கள் இருவருமே இல்லை என்று வீடு விளக்கை அணைத்துவிட்டது. கையை வீசினால் வெளிச்சம் வந்து பிள்ளை விழித்துவிடுவான். அதனால் தரையில் உட்கார்ந்து, விரலை மட்டும் நகர்த்தி இருட்டில் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள். வேன் வேண்டாம். பழைய நாற்காலி இருந்தால் இரண்டு அனுப்பு. ஒன்று அந்த அம்மாளுக்கு.