குறை சொல்லத் தெரியாத நிலைய அதிகாரி

வேலை தெரியாத மனுஷன் என்று மட்டும் அவரைச் சொல்லாதீர்கள். தீயணைப்பு நிலையத்தைக் கெடுத்ததே அவர்தான், அவர் கிளம்பிப் போன மாதமே புது ஆட்களும் புது ஏணியும் வந்துவிட்டன பார்த்தீர்களா என்று முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வாயா வலிக்கிறது? ஆள் வந்தது உண்மை. அவர் இருந்தவரை வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் கெடுத்தார் என்பது பச்சைப் பொய். அவர் சமாளித்தார். அது வேறு வியாதி.

உலகத்தில் இப்படி ஓர் இனம் உண்டு. பாதி ஆளை வைத்துக்கொண்டு முழு வேலையையும் முடித்துக் காட்டிவிட்டு, மீதி ஆள் ஏன் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒருவராவது அகப்படுவார். மேலிடம் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பாத்துக்கலாம் சார்."

நம் அதிகாரியின் நிலையத்தில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். இருந்தது ஆறு பேர். ஆறு பேருக்கு நாலு ஹெல்மெட். அதிலும் ஒன்றுக்கு வார் இல்லாததால், அதைப் போட்டவர் தலையை ஆட்டாமல் தீயை அணைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது அவர் கை. ஏணி உடைந்தபோது பக்கத்துத் தெரு பெயிண்டரிடம் இரவல் கேட்டு ஓட்டியது அவர் மூளை. மெத்தைக் கடை பற்றி எரிந்த அன்று பம்பு பாதியில் படுத்துக்கொள்ள, எதிரே இருந்த பள்ளிக்கூடத்துத் தொட்டியிலிருந்து கடைவரை தெரு ஜனத்தையே வரிசையாக நிறுத்தி, வாளி வாளியாகக் கைமாற்றி, மூன்று மணி நேரத்தில் நெருப்பை அடக்கியவரும் அவரே. மறுவாரம் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பம்பு வந்ததா? பாராட்டே வந்துவிட்ட பிறகு பம்பு எதற்கு?

கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். தினமும் அவரே துடைப்பார். துடைக்கும்போது உள்ளுக்குள் இனிக்கும். அந்த இனிப்புதான் அவரைக் கெடுத்தது.

வினை வயிற்றில் வந்தது. பன்னிரண்டு பேர் தூக்க வேண்டியதை ஆறு பேரோடு சேர்ந்து அதிகாரியும் தூக்கினால் எங்கேயாவது ஏதாவது பிதுங்கத்தானே செய்யும்? குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷன், ஒரு மாசம் ஓய்வு, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கறாராகச் சொன்னார். இவர் என்ன செய்தார்? அகலமாக ஒரு பெல்ட் வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

"ஆள் வந்ததும் லீவு போடறேன்" என்றார் மனைவியிடம்.

"ஆள் எப்ப வரும்?"

"கேட்டா வரும்."

"எப்ப கேப்பீங்க?"

அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. எந்த நிலையத்தில் என்ன இல்லை என்று எழுதிக்கொண்டு போவாராம். இல்லாத இடத்துக்கு ஆளும் சாமானும் வருமாம். மனைவி விடவில்லை. "இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க உயிருக்காக இல்ல, என் நிம்மதிக்காக." அவரும் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். "ஆள் இல்ல சார். ஆள் இல்ல சார்." மூன்றாம் தடவை சொல்லும்போது, பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை பேசிவிட்டவர் மாதிரி முகம் சுருங்கிப் போனது.

பெரியவர் வருகிற நாள் விடிந்தது. வருகிறவர் முன்னால் கிழிசலைக் காட்ட யாருக்கு மனசு வரும்? வண்டியைக் கழுவச் சொன்னார். கழுவியதும் டியூப் ஒட்டிய குழாய் அசிங்கமாகத் தெரிந்தது. நல்ல பக்கம் வெளியே தெரியும்படி சுற்றச் சொன்னார். பெயிண்டரின் ஏணிக்குச் சிவப்பு அடித்தார். கடைசியில் ஆறு பேர் மட்டும் வரிசையில் நிற்பது பல் விழுந்த வாய் போல இருந்தது. பொறுக்குமா? பெயிண்டர், பள்ளிக்கூட வாட்ச்மேன், மனைவியின் தம்பியான தையல்காரர், இன்னும் மூன்று பேர் என்று பிடித்துவந்து பழைய யூனிஃபார்மை மாட்டி நிறுத்தினார்.

பெரியவர் எண்ணினார். பன்னிரண்டு.

"எங்க ரிஜிஸ்டர்ல ஆறுன்னு இருக்கே" என்றார். "சரி, ரிஜிஸ்டர்தான் தப்பா இருக்கும்."

பிறகு தையல்காரருக்கு எதிரே போய் நின்று, "உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டார் பெரியவர்.

"அளவெடுக்கிறது சார்."

"தண்ணி அளவு சார்" என்றார் அதிகாரி அவசரமாக.

"ரொம்ப சந்தோஷம். குறை ஏதாவது இருக்கா?"

பழகிய வார்த்தை தொண்டைவரை வந்தது. கழுவிய வண்டி பளபளத்தது. பன்னிரண்டு பேரும் விறைப்பாக நின்றார்கள். பெல்ட்டுக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது.

"பாத்துக்கலாம் சார்."

பத்து நாளில் உத்தரவு வந்தது. பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் பத்துப் பேர் போதும். இரண்டு பேரைப் பக்கத்து ஊருக்கு அனுப்புக. ஆறில் இரண்டு போனால் நாலு. கணக்கு தெரியாதவருக்குக் கூடத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் குழாய்ச் சுருளைத் தூக்கப் போன அதிகாரி, தூக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருஷமாக அவரோடு வண்டி ஓட்டுகிற டிரைவர்தான் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி பையும் டாக்டர் சீட்டுமாக வந்து நின்றார்.

"எழுந்திருங்க."

"நாலு பேரை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

"அஞ்சாவது ஆளா தரையில படுத்துக்கிட்டு நீங்க எதை அணைக்கப் போறீங்க?"

அப்போது தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். ஏதோ விழாவாம், அலங்காரத்துக்கு நிறுத்த வண்டியும் இரண்டு ஆளும் வேண்டுமாம். இவர் கையை நீட்டினார். நீட்டிய கையில் மனைவி பையை மாட்டினார். டிரைவர் எடுத்துப் பேசினார்.

"முடியாது சார். ஆள் இல்ல. ஆமா சார், இல்லதான். அன்னிக்கு நின்னதுல ஒருத்தர் டெய்லர். பம்பும் ஓடல, ஏணியும் நம்மளுது இல்ல." வேறு என்னென்ன இல்லை என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி சார், எழுதிக்குங்க. மெதுவாவே சொல்றேன்."

அதிகாரி கூரையைப் பார்த்தார். இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்பது போல மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தோளில் கை கொடுத்து வாசலைத் தாண்ட வைத்தார்.

வெளியே நின்ற ஆட்டோ, இருவரும் ஏறிய பிறகு கிளம்ப மறுத்தது. இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. அவர் உடனே ஒரு காலைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க" என்றார் மனைவி.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தார். டீக்கடையில் நின்றவர்கள் வந்து தள்ளினார்கள். ஆட்டோ போய்விட்டது. இதைப் படிக்கும்போது, சட்டென்று இறங்கி ஒரு கை கொடுத்திருக்கலாமே என்று உங்கள் கால் பரபரத்திருந்தால், உங்கள் அடிவயிற்றையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.